பேஷண்ட் "கீமோ போதும்"னு நம்மகிட்ட மட்டும் சொன்னா என்ன பண்ணுவீங்க? (ஆன்கோ, அதாவது கேன்சர் வார்டு சிஸ்டர்ஸ், பிரதர்ஸ் பதில் சொல்லுங்க)

டேகேர்_மதுரை

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில கீமோ டே கேர்ல ஸ்டாஃப் நர்ஸ். ஆன்கோவுக்கு வந்து ரொம்ப காலம் ஆகல, அதுக்கு முன்னாடி சர்ஜிக்கல் வார்டு. அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்தித்தான் எழுதுறேன்.

ஒரு அய்யா வர்றாரு, அறுபது தாண்டியிருக்கும், விவசாயம். இரைப்பையில கேன்சர், லிவருக்குப் பரவிருச்சு. முதல்ல போட்ட மருந்து கேக்கல, ஸ்கேன்ல கட்டி பெருசாயிருந்ததால இப்ப ரெண்டாவது லைனா வாராவாரம் பாக்லிடாக்சல்ங்கிற கீமோ மருந்து, மூணு வாரம் போட்டு ஒரு வாரம் லீவு. விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு, சட்டை பட்டன் போட முடியல, கால்ல இருந்து செருப்பு கழண்டு விழுந்தாக்கூட தெரியாம வெறுங்காலோட வராண்டாவுல நடந்து வர்றாரு, நான்தான் பின்னாடியே எடுத்துட்டு ஓடுவேன். வெயின் கிடைக்கிறதே பெரும்பாடு.

போன தடவை பையன் பார்மசிக்கு பில் போடப் போயிருந்தப்ப மெதுவா சொல்றாரு, "தாயி, இதோட போதும்னு பெரிய டாக்டர்ட்ட நீயே சொல்லிரு. பையன்ட்ட சொல்லிறாத, கடன வாங்கிட்டு அலையுறான், மனசு விட்டுப்போயிருவான்." பையன் ஏற்கனவே என்னைத் தனியா கூப்பிட்டு, "அப்பாவுக்கு வயித்துப்புண்ணு முத்திருச்சுன்னுதான் சொல்லி வச்சிருக்கோம் சிஸ்டர், நீங்க எதையும் சொல்லிறாதீங்க, தைரியம் மட்டும் குடுங்க"ன்னு சொல்லிட்டாரு. "கீமோதெரபி"ன்னு கொட்டை எழுத்துல போர்டு போட்ட ரூம்ல வாராவாரம் படுக்க வச்சுட்டு வயித்துப்புண்ணாம். அய்யாவுக்குத் தெரியாமலா இருக்கும்.

இப்ப நான் என்ன பண்றது? டாக்டர்ட்ட சொன்னா பையனுக்குப் போயிரும். சொல்லாம அடுத்த வாரம் நானே ஊசியக் குத்தி மருந்தை ஏத்தினா அது சரியான்னு மனசு கேக்க மாட்டேங்குது. "அப்படியெல்லாம் சொல்லாதீங்கய்யா, சரியாயிரும்"னு சொல்லவும் வாய் வரல, "நிறுத்திருங்க"ன்னு சொல்ல நான் யாரு. எங்க இன்சார்ஜ்ட்ட கேட்டா "நமக்கெதுக்கு, டாக்டர் ஆர்டர் போட்டிருக்காரு, ஏத்து"ங்குறாங்க.

---

பழைய_வார்டு_அக்கா (கோவை)

கண்ணு, முதல்ல ஒண்ணு, அவரு உங்ககிட்ட சொன்னது டாக்டருக்குப் போயே ஆகோணும், அதுவும் அடுத்த டோஸ் மிக்ஸ் பண்றதுக்கு முன்னாடி. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு மட்டும் பேஷண்ட்டுக்கு வாக்கு குடுத்துறாதீங்க. "அய்யா, இதை டாக்டர்கிட்ட சொல்லாம என்னால இருக்க முடியாதுங்க, ஆனா பையன்கிட்ட நீங்க சொல்ற வரைக்கும் நான் வாய் தொறக்க மாட்டேன்"னு அவருகிட்டயே நேரா சொல்லிப்போடுங்க. நோட்ஸ்லயும் அவரு சொன்ன வார்த்தையவே எழுதுங்க. "பேஷண்ட் அன்கோஆப்பரேட்டிவ்"னு எழுதறவங்களைப் பார்த்திருக்கேன், எரிச்சலா வரும். "இதோட போதும்னு சொன்னார், மகனின் கடனைப் பற்றி கவலைப்படுகிறார்"னு எழுதி டைம் போட்டு கையெழுத்து போட்டா, அதைப் பார்த்துட்டு எந்த டாக்டரும் சும்மா தாண்டிப் போக மாட்டாங்க.

ஆனா அதுக்கு முன்னாடி "போதும்"னா எது போதும்ங்கறதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. இதுலதான் நம்ம வேலையே இருக்கு. எங்க வார்டுல போதும்னு சொன்னவங்கள்ல பாதிப்பேருக்கு மேல கீமோவே வேண்டாம்னு சொல்லல, வேற ஏதோ ஒண்ணைத் தாங்க முடியாம சொன்னாங்க. ஒருத்தருக்கு வாய்ப்புண்ணு, சோறு இறங்கல. ஒரு அம்மாவுக்கு ஒவ்வொரு வாட்டியும் நாலஞ்சு இடத்துல குத்தி வெயின் தேடறதுதான் பயம், போர்ட் (மருந்து ஏத்தறதுக்குத் தோலுக்கடியில வைக்கறது) வச்சதுக்கப்பறம் அவங்களே பேக் எடுத்துட்டு முன்னாடி வந்து உக்காருவாங்க. உங்க அய்யாவுக்குக் கை கால் மரத்துப்போனது பெரிய விஷயம். அது முத்திட்டா சிலருக்கு மருந்தை நிறுத்தினதுக்கப்பறமும் முழுசா சரியாகறதில்ல. டோஸைக் குறைக்கவோ தள்ளிவைக்கவோ மருந்தை மாத்தவோ இதுவே காரணம், டாக்டர்கிட்ட யாராவது சொல்லியிருக்காங்களா? பட்டன் போட முடியலைன்னு உங்ககிட்டதான் சொல்லியிருப்பாரு. டாக்டர் ரூம்ல ரெண்டு நிமிஷத்துல "நல்லா இருக்கேனுங்க"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்திருப்பாரு, எல்லாரும் அப்படித்தான்.

இன்னொண்ணு, எப்பக் கேக்கறீங்கங்கறது முக்கியம். பாக்லிடாக்சலுக்கு முன்னாடி அலர்ஜி வராம இருக்க டெக்சாவும் (ஸ்டீராய்டு) அவிலும் (தூக்கம் வர்ற அலர்ஜி ஊசி) போடுவோமில்லைங்களா. அவில் உள்ள போனதுக்கப்பறம் அரைத் தூக்கத்துல இருக்கற மனுசன்கிட்ட இதையெல்லாம் பேசக்கூடாது, கேனுலா போடறதுக்கு முன்னாடியே பேசிருங்க. டெக்சா போட்ட அன்னைக்கும் மறுநாளும் பசி எடுக்கும், தெம்பா இருக்கும், "தொடரலாம் சிஸ்டர்"னு சொல்லுவாங்க. மூணாவது நாலாவது நாள்தான் துவண்டு படுப்பாங்க. அதனால நடு வாரத்துல ஒரு போன் போட்டுக் கேளுங்க, அப்பச் சொல்றதும் ஆஸ்பத்திரியில சொல்றதும் ஒண்ணா இருக்குதான்னு பாருங்க. ரெண்டு எடத்துலயும் போதும்னே சொன்னா அது அவரு யோசிச்சுச் சொல்றது.

இன்சார்ஜ் சொன்னதைக் காதுல வாங்கிக்காதீங்க. ஆர்டர் டாக்டர் போட்டாலும் கைல ஏத்தறது நாமதான், பேஷண்ட் வேண்டாம்னு சொன்னதுக்கப்பறம் ஏத்தினா கேள்வி நம்ம மேலயும் வரும்.

---

ஒரு_மகள்

நான் நர்ஸ் இல்ல, பேஷண்ட்டோட பொண்ணு. கொஞ்சம் கோவமாத்தான் எழுதுறேன், மன்னிச்சுக்கோங்க.

எங்கம்மாவுக்கு பிரெஸ்ட் கேன்சர், எலும்புக்குப் பரவி ஸ்டேஜ் நாலுன்னு சொன்னாங்க. கீமோ நடக்கும்போது ஒரு சிஸ்டர் என்னை ஓரமா கூப்பிட்டு "ஏங்க இந்த வயசுல இவங்களை இப்படிக் கஷ்டப்படுத்துறீங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் புடிச்சதைச் செஞ்சு குடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. நல்ல மனசுலதான் சொல்லியிருப்பாங்க, ஆனா அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. நான் ஏதோ அம்மாவைக் கொடுமை பண்ற மாதிரி ஆயிருச்சு. அப்புறம் டாக்டர்ட்ட போய் உக்காந்து கேட்டா, அம்மாவுக்கு ஹார்மோன் ரிசெப்டர் பாசிட்டிவ் (ஹார்மோனால வளர்ற வகை), இந்தக் கீமோ முடிஞ்சதும் மாத்திரையிலயே வருசக்கணக்கா கட்டுப்படுத்த வாய்ப்பிருக்குன்னு விளக்கமா சொன்னாரு. அம்மா இன்னைக்கும் மாத்திரைலதான் இருக்காங்க, சீரியல் பாத்துட்டு என்னைத் திட்டிட்டு.

எல்லா ஸ்டேஜ் நாலும் ஒண்ணு இல்ல. அந்த சிஸ்டருக்கு அது தெரியல, அம்மா வாந்தி எடுக்குறது மட்டும்தான் தெரிஞ்சுது. நிறுத்தச் சொல்றதுக்கும் தொடரச் சொல்றதுக்கும் தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க. நீங்க சாதாரணமா சொல்ற ஒரு வார்த்தையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நாங்க நூறு தடவை புரட்டிப் பாப்போம்.

---

பாலியேட்டிவ்_பிரதர்

மேல ஒரு_மகள் எழுதுனது சரி, கோயம்புத்தூர் அக்கா சொன்னதும் சரி. நான் பாலியேட்டிவ் கேர்ல (வலி, தொந்தரவைக் குறைச்சு நிம்மதியா வச்சுக்கிற சிகிச்சை) இருக்கேன், வீட்டு விசிட் போற டீம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

தொடரலாமா வேண்டாமாங்கிறதுக்கு முன்னாடி, இந்தக் கீமோ எதுக்குப் போடுறோம்னு அந்த அய்யாவுக்குத் தெரியுமா? குணப்படுத்தவா, கொஞ்ச காலம் கட்டுப்படுத்தவா, வலி அடைப்பு மாதிரி தொந்தரவைக் குறைக்கவா? இது தெரியாம ஒருத்தர் தொடர்றேன்னு சொன்னாலும் நிறுத்துறேன்னு சொன்னாலும் அது முடிவே இல்ல. இது நம்ம ஊர்ல மட்டும் உள்ள பிரச்சனைன்னு நினைச்சுக்காதீங்க. அமெரிக்காவுல 2012-ல வந்த ஒரு ஆய்வுல, பரவிப்போன நுரையீரல் கேன்சர்ல கீமோ எடுத்துக்கிட்டவங்கள்ல 69 சதவீதம் பேரும், குடல் கேன்சர்ல 81 சதவீதம் பேரும், இந்தக் கீமோவால குணமாக வாய்ப்பே இல்லைங்கிறதைப் புரிஞ்சுக்கிட்ட மாதிரி பதில் சொல்லல. எல்லாத்தையும் பேஷண்ட்கிட்ட நேரடியா சொல்ற ஊர்லயே இந்த நிலைமை. நாம வயித்துப்புண்ணுன்னு வேற சொல்லி வச்சிருக்கோம்.

அதுக்காக நீங்க போய் "அய்யா உங்களுக்கு கேன்சர் பரவிருச்சு"ன்னு போட்டு உடைக்கச் சொல்லல. அது டாக்டர் பண்ண வேண்டியது. நம்மளால கேக்க முடியும். "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க என்ன நினைக்கிறீங்கய்யா?"ன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு உக்காந்துறணும். பாதிப்பேரு "அதான் தெரியுமே"ம்பாங்க. அடுத்தது, "இன்னும் தெரிஞ்சுக்கணும்னு இருக்கா, இல்ல பையனே பாத்துக்கட்டும்னு விட்டுறலாமா?" சிலர் நிஜமாவே தெரிஞ்சுக்க விரும்ப மாட்டாங்க, அதுவும் அவங்க உரிமைதான். மூணாவது, "இப்ப உங்களுக்கு எது முக்கியம்?" இதுக்கு ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமே இல்லாத பதில்தான் வரும். பேத்தி காதுகுத்து, கெணத்து மோட்டார், பாகப்பிரிவினை. ஆனா அதை வச்சுத்தான் டாக்டரால மருந்தோட நாளையே மாத்த முடியும்.

பையன் மேல கோவப்படாதீங்க. மறைக்கிறவங்க எல்லாருமே பாசத்துலதான் மறைக்கிறாங்க. "சொல்லுங்க, சொல்லாம இருக்கிறது தப்பு"ன்னு ஆரம்பிச்சா அவர் இன்னும் இறுக்கமாயிருவாரு. "சொன்னா அப்பாவுக்கு என்ன ஆகும்னு பயப்படுறீங்க?"ன்னு கேளுங்க. "அப்பா தனியா இருக்கும்போது என்ன யோசிப்பார்னு நினைக்கிறீங்க?" இதைக் கேட்டாலே பாதிப்பேரு அழுதுருவாங்க. ஒரே வீட்டுல அப்பா பையனுக்காக நடிக்கிறாரு, பையன் அப்பாவுக்காக நடிக்கிறாரு, நடுவுல சிஸ்டர் ரெண்டு பேர் ரகசியத்தையும் தூக்கிட்டு நிக்குறாங்க. தினமும் பாக்குறது இது.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, சுயநினைவோட இருக்கிற வயசுக்கு வந்த ஒருத்தருக்கு அவரோட சம்மதம்தான் சம்மதம், சொந்தக்காரங்க கையெழுத்து அதுக்குப் பதில் ஆகாது. சமீரா கோலி கேஸ்ல உச்ச நீதிமன்றம் 2008-லயே தெளிவா சொல்லிருச்சு. அதுல பேஷண்ட் மயக்கத்துல இருக்கும்போது அவங்கம்மாகிட்ட சம்மதம் வாங்கிட்டு கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க, அது செல்லாதுன்னு தீர்ப்பு. அதே கோர்ட்டோட 2018 காமன் காஸ் கேஸ் தீர்ப்புலயும் புத்தி தெளிவா இருக்கிறவர் சிகிச்சை வேண்டாம்னு மறுக்கலாம்னு வந்துருச்சு. இதை பையன் முகத்துக்கு நேரா வீசணும்னு சொல்லல, உங்க இன்சார்ஜுக்குத்தான்.

மருத்துவமா பாத்தா டாக்டர் பாக்குற முக்கியமான விஷயம் ஈகாக் ஸ்கோர். ஆள் எழுந்து நடமாடுறாரா, பகல்ல பாதி நேரத்துக்கு மேல படுக்கையிலயே இருக்காரான்னு பாத்துப் போடுற நம்பர், நம்பர் கூடக்கூட நிலைமை மோசம். படுக்கையிலயே இருக்கிற நிலைமைக்குப் போயிட்டா, ஏற்கனவே போட்ட மருந்தும் கேக்கலைன்னா, பெரும்பாலான கட்டி வகை கேன்சர்ல அடுத்த கீமோவால நன்மையை விட கெடுதல்தான் அதிகம்னு அமெரிக்க ஆன்காலஜி சங்கமே 2012-ல சொல்லியிருக்கு. ஆனா கிளினிக்குல உக்காந்திருக்கிறவரைப் பாத்து டாக்டர் ஒண்ணுன்னு போடுவார், வீட்டுல அவரு மூணா இருப்பாரு. வீட்டுல எப்படி இருக்காருன்னு கேட்டு வர்றது நர்ஸ்தான். அந்தத் தகவல் ஒண்ணுக்காகவே உங்க போன் கால் முக்கியம்.

கடைசியா, "கீமோவை நிறுத்துறோம்"னு சொல்றது "ட்ரீட்மெண்ட்டை நிறுத்துறோம்" இல்ல. "இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல"ங்கிற வாசகத்தை எந்த வார்டுலயும் பேசக்கூடாதுன்னு சட்டம் போட்டா நான் முதல் கையெழுத்து. வலி, வாந்தி, மூச்சு, தூக்கம், வயித்துல நீர் கோத்தா எடுக்குறது, பண்றதுக்கு நிறைய இருக்கு. கீமோ நடக்கும்போதே எங்களைக் கூப்பிட்டுறலாம், கடைசியில்தான் கூப்பிடணும்னு இல்ல. 2010-ல பாஸ்டன்ல பரவின நுரையீரல் கேன்சர் பேஷண்ட்ஸ் 151 பேர்கிட்ட பண்ண ஆய்வுல, ஆரம்பத்துலயே பாலியேட்டிவ் கேரும் சேத்துக் குடுத்தவங்க நிம்மதியாவும் இருந்தாங்க, கடைசி கட்டத்துல அனாவசிய கீமோவும் கம்மி, ஆனா ஆயுசு கூடுதலா இருந்துச்சு. சராசரியா 11.6 மாசம், மத்தவங்களுக்கு 8.9. எல்லா கேன்சருக்கும் இதே கணக்கு வரும்னு இல்ல, ஆனா "பாலியேட்டிவ்னாலே முடிஞ்சுபோச்சு"ங்கிற பேச்சுக்கு இதைக் காட்டலாம்.

---

லண்டன்_தமிழ்நர்ஸ்

இங்க இங்கிலாந்துல கீமோ சம்மதப் படிவத்துலயே நோக்கம் என்னன்னு டிக் பண்ணணும், குணப்படுத்தவா, கட்டுப்பாட்டுல வைக்கவான்னு தனித்தனியா கட்டம் இருக்கு. பேஷண்ட் அதைப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவாங்க. 2008-ல இங்க ஒரு பெரிய தணிக்கை அறிக்கை வந்துச்சு, கீமோ போட்ட 30 நாளுக்குள்ள இறந்தவங்க ஃபைலை எல்லாம் எடுத்துப் பாத்ததுல 27 சதவீதம் பேருக்கு அந்த மருந்தே மரணத்தை வரவழைச்சிருக்கு இல்ல சீக்கிரமாக்கியிருக்குன்னு சொன்னாங்க. ஒவ்வொரு டோஸுக்கு முன்னாடியும் நர்ஸ் கேட்டே ஆகணும்ங்கிற பழக்கம் இப்ப ரொம்ப இறுக்கமா இருக்கு, எனக்கு சந்தேகம்னா நான் மருந்தை ஹோல்ட் பண்ணிட்டு டாக்டரைக் கூப்பிடலாம், யாரும் திட்ட மாட்டாங்க.

ஊர்ல வேலை பாத்தப்ப அந்தத் தைரியம் எனக்கு வந்திருக்குமான்னா சந்தேகம்தான். அதனால தனியா போய் நிக்காதீங்க, உங்க சீனியர் ஒருத்தரையாவது கூட வச்சுக்கோங்க.

---

டேகேர்_மதுரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரு_மகள் அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு வாயை அளந்து பேசணும்னு முடிவு பண்ணிட்டேன்.

கோவை அக்கா சொன்ன மாதிரியே அய்யாட்ட முதல்ல சொல்லிட்டு, அப்புறம் டாக்டர்ட்ட சொன்னேன். அவரு திட்டுவாருன்னு நினைச்சேன், "இதை ஏன்மா யாரும் சொல்லல"ன்னுதான் கேட்டாரு. அன்னைக்கு ரத்த அணு கவுண்ட்டும் கம்மியா இருந்துச்சு, டோஸை ஹோல்ட் பண்ணிட்டாரு. பையனைத் தனியா உக்கார வச்சுப் பேசினாரு, அப்புறம் மூணு பேரையும் சேத்து வச்சு. அய்யா பையனைப் பாத்து "வயித்துப்புண்ணுக்கு முடி கொட்டுமாடா"ன்னு கேட்டதும் எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல. பையன் தலையைத் தொங்கப்போட்டுட்டாரு.

முடிவு இன்னும் வரல. சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போயிட்டு வந்துரணும், அதுவரைக்கும் ஊசி வேண்டாங்குறாரு. பையன் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணலாமேங்குறாரு. டாக்டர் ரெண்டுக்கும் சரின்னுட்டாரு, தொடர்ந்தா டோஸைக் குறைச்சுப் போடலாம்னாரு.

ரெண்டு சந்தேகம். அவரு நிறுத்திட்டா முதலமைச்சர் காப்பீடு கார்டு கேன்சலாயிருமான்னு அவங்க வீட்டம்மா கேட்டாங்க. அப்புறம் வலி கூடினா கிராமத்துல மார்ஃபினுக்கு எங்க போறது? எங்க ஆஸ்பத்திரியில பாலியேட்டிவ் டீம் கிடையாது.

---

பாலியேட்டிவ்_பிரதர்

கார்டு குடும்பத்துக்கு உள்ளது, ஒருத்தர் ஒரு சிகிச்சையை வேண்டாம்னு சொன்னதால குடும்பத்தோட கார்டு போயிராது. அந்தம்மாவை ஆஸ்பத்திரியில இருக்கிற காப்பீட்டு கவுண்டர்லயே ஒரு தடவை கேக்கச் சொல்லுங்க, அவங்க வாயால கேட்டாத்தான் நிம்மதி.

மார்ஃபின் 2014 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் முன்ன மாதிரி அவ்வளவு கெடுபிடி இல்ல, ஆனா எல்லா மெடிக்கல்லயும் கிடைக்காது, அங்கீகாரம் வாங்கின ஆஸ்பத்திரியிலதான். பக்கத்து மெடிக்கல் காலேஜ், மாவட்ட ஆஸ்பத்திரியில பாலியேட்டிவ் ஓபி இருக்கான்னு இப்பவே விசாரிச்சு ஒரு சீட்டு போட்டு வச்சுருங்க, வலி வந்ததுக்கப்புறம் ராத்திரி பதினொரு மணிக்குத் தேடக்கூடாது. கிராமத்துக்கு மக்களைத் தேடி மருத்துவம் டீம்ல பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வருவாங்க, அவங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் குடுத்துருங்க. மார்ஃபின் ஆரம்பிச்சா கூடவே மலம் இளக மருந்தும் ஆரம்பிக்கணும், இதை மறந்துட்டு நாலு நாள் கழிச்சு "மார்ஃபின் ஒத்துக்கல"ன்னு நிறுத்திருவாங்க. "அடிமையாயிருவாரா?"ன்னு பையன் கேப்பாரு, டாக்டர் சொன்ன அளவுல கேன்சர் வலிக்குக் குடுக்கிறதுல அந்தப் பயம் வேண்டாம்னு முதல்லயே சொல்லி வைங்க.

கோயிலுக்குப் போறது நல்லதுதான், ஆனா கவுண்ட் கம்மின்னு சொன்னீங்களே, புறப்படுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ரத்தம் பாத்துருங்க. தெர்மாமீட்டர் ஒண்ணு பையன் பாக்கெட்டுல இருக்கட்டும், காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல போனா பாராசிட்டமால் குடுத்துட்டு விடியட்டும்னு இருக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். கால் மரத்துப்போயிருக்கு, கோயில்ல வெறுங்காலோட வெயில் தரையில நடக்க விடாதீங்க, சுட்டாலும் அவருக்குத் தெரியாது, அந்தப் பக்கம் கருவேல முள்ளு வேற. சாக்ஸ் போட்டுக்கச் சொல்லுங்க, சாமி ஒண்ணும் சொல்லாது.

---

டேகேர்_மதுரை

சாக்ஸ் விஷயத்தைப் பையனுக்கு இப்பவே மெசேஜ் போட்டுட்டேன். ஸ்கேன் வந்ததும் எழுதுறேன்.